ஜெஃப்ரி பாவா

ஜெஃப்ரி மானிங் பாவா (சூலை 23, 1919 – மே 27, 2003) இலங்கையைச் சேர்ந்த புகழ்பெற்ற கட்டிடக்கலைஞர் ஆவார். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆசியாவில் பணியாற்றிய கட்டிடக்கலைஞர்களுள் மிகுந்த செல்வாக்குப் பெற்றவர்களில் ஒருவராக இவர் கருதப்படுகிறார். இலங்கைப் பாராளுமன்றக் கட்டிடம், மாத்தறையில் உள்ள ருகுணு பல்கலைக்கழக வளாகம், கண்டலம விடுதி ஆகியன இவருடைய முக்கியமான ஆக்கங்கள் ஆகும். தமிழ்நாட்டில் மதுரையிலும் சென்னையிலும் இவர் பணிபுரிந்துள்ளார்.

வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த கடலோரப் பகுதிகளில், இயந்திரக் குளிரூட்டலைப் பெரிதும் நம்பாமல் நிலத்தின் அமைப்பு, காற்று, நிழல், மழைநீர் ஆகியவற்றைக் கொண்டே கட்டிடங்களை வாழ்வதற்கும் கற்பதற்கும் ஏற்றவையாக ஆக்கமுடியும் என்பதைச் செய்து காட்டியது இவரது சிறப்பு ஆகும். இன்று பேண்தகு கட்டிடக்கலை எனப்படும் துறை பெயர் பெறுவதற்கு முன்னரே இவர் இவ்வாறு கட்டினார். அறிவியல், கலைப் புலங்களுக்காக 1980களில் இவர் வடிவமைத்த ருகுணு பல்கலைக்கழக வளாகம் இம்முறைக்குப் பெரியதொரு சோதனையாக அமைந்தது. மன்னார் வளைகுடாவின் மறுகரையிலுள்ள தூத்துக்குடி முத்துக்குளிக்கும் கடற்கரைக்கும் இவ்வளாகத்திலிருந்து பெறக்கூடிய படிப்பினைகள் உள்ளன.

பிறப்பும் குடும்பமும்

பாவா 1919 ஆம் ஆண்டில் பிரித்தானிய ஆட்சியின் கீழிருந்த இலங்கையில் பிறந்தார். இவரது தந்தையார் பி. டபிள்யூ. பாவா வசதி படைத்த வழக்கறிஞர். தந்தைவழிப் பாட்டனார் இலங்கை முசுலிம், பாட்டியார் ஆங்கிலேயர். தாயார் பெர்த்தா மரியான் சிரேடர் இடச்சுப் பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்தவர். அவரது முன்னோரில் செருமானியரும் சிங்களவரும் இருந்தனர். இவ்வாறு பல இனங்களும் சமயங்களும் கலந்த குடும்பத்தில் பிறந்தமை, எந்தவொரு கட்டிட மரபையும் தமக்கு அந்நியமாகக் கருதாத மனப்பாங்கை இவருக்கு அளித்தது எனலாம்.

பாவா சிறுவனாக இருந்தபோதே, 1923 இல், தந்தையார் காலமானார். தாயாரே மகன்கள் இருவரையும் வளர்த்தார். மூத்தவரான பெவிசு பாவா (1909–1992) பின்னாளில் தோட்ட வடிவமைப்பாளராகப் பெயர் பெற்றார். பேருவளைக்கு அருகில் அவர் உருவாக்கிய பிரீஃப் தோட்டம் இன்றும் பலர் சென்று பார்க்கும் இடமாக உள்ளது.

கல்வியும் சட்டத்துறையும்

பாவா கொழும்பு ரோயல் கல்லூரியில் பள்ளிக்கல்வியை முடித்தபின் 1938 இல் இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் புனித கேத்தரின் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்றார். பின்னர் இலண்டனில் சட்டம் படித்து 1944 இல் வழக்கறிஞராகத் தகுதி பெற்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கொழும்பில் சில காலம் வழக்கறிஞராகப் பணிபுரிந்தார். ஆனால் அத்தொழிலில் இவருக்கு ஈடுபாடு ஏற்படவில்லை.

1946 இல் தாயார் இறந்தபின் சட்டத்தொழிலைக் கைவிட்டு நீண்ட பயணம் மேற்கொண்டார். தூரகிழக்கு நாடுகள், ஐக்கிய அமெரிக்கா, ஐரோப்பா ஆகிய இடங்களில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளைக் கழித்தார். இத்தாலியில் ஒரு மாளிகையை வாங்கி அங்கேயே தங்கிவிட எண்ணியபோதும் அது நிறைவேறவில்லை.

லுனுகங்கா

1948 இல் நாடு திரும்பிய பாவா, பெந்தோட்டைக்கு அருகில் ஏரிக்கரையில் கைவிடப்பட்டிருந்த இறப்பர்த் தோட்டம் ஒன்றை வாங்கினார். அதற்கு லுனுகங்கா எனப் பெயரிட்டார். இத்தாலியில் காண விரும்பிய தோட்டத்தை இலங்கையின் மண்ணிலும் மழையிலும் உருவாக்குவதே இவரது நோக்கமாக இருந்தது. மரங்களை நீக்கியும் நட்டும், குன்றொன்றின் உச்சியைத் தாழ்த்தி அப்பால் உள்ள ஏரி தெரியுமாறு செய்தும், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இத்தோட்டத்தைத் திருத்திக்கொண்டே இருந்தார்.

இத்தோட்டப் பணியில்தான் தமக்குத் தொழில்நுட்ப அறிவு போதாது என்பதை இவர் உணர்ந்தார். நிலத்தின் ஏற்றத்தாழ்வு, நீர் ஓடும் வழி, காற்று வரும் திசை ஆகியவற்றை முதலில் அறிந்து, அதன்பின் கட்டிடத்தைப் பற்றி எண்ணும் இவரது வழக்கமும் இங்கிருந்தே தொடங்குகின்றது.

கட்டிடக்கலைத் துறையில் நுழைவு

1951 இல் பாவா கொழும்பில் எட்வர்ட்சு, ரீட் அண்டு பெக் என்னும் பழைய நிறுவனத்தில் எச். எச். ரீட் என்பவரிடம் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டிலேயே ரீட் காலமானார். முறையான கல்வி தேவை என்பதை உணர்ந்த பாவா மீண்டும் இங்கிலாந்து சென்று, இலண்டனில் உள்ள ஆர்க்கிடெக்சரல் அசோசியேசன் பள்ளியில் சேர்ந்தார். அங்கு 1956 இல் படிப்பை முடித்து, 1957 இல் கட்டிடக்கலைஞராகத் தகுதி பெற்றார். அப்போது இவருக்கு வயது 38. பலர் தொழிலில் நிலைபெற்றுவிடும் வயதில்தான் இவர் தொழிலைத் தொடங்கினார் என்பது குறிப்பிடத்தக்கது.

நாடு திரும்பியபின் ரீட் விட்டுச்சென்ற நிறுவனத்தைப் பொறுப்பேற்றார். 1959 இல் தென்மார்க்கைச் சேர்ந்த உல்ரிக் பிளெசுனர் இவருடன் இணைந்தார். பிளெசுனர், ஓவியர் லக்கி சேனநாயக்க, நெசவுக் கலைஞர் பார்பரா சன்சோனி, துணி வடிவமைப்பாளர் ஈனா டி சில்வா முதலியோர் அடங்கிய நண்பர் குழு, நாட்டின் பழைய வீடுகள், விகாரைகள், மடங்கள் ஆகியவற்றின்பால் பாவாவின் கவனத்தைத் திருப்பியது. 1960களின் பிற்பகுதியில் பிளெசுனர் விலகியபின், பொறியாளர் கே. பூலோகசுந்தரம் நிறுவனத்தின் பங்காளரானார். பாவா வடிவமைப்பில் கவனம் செலுத்த, பெரிய திட்டங்களின் பொறியியலையும் நிர்வாகத்தையும் பூலோகசுந்தரம் ஏற்று நடத்தினார். பாராளுமன்றம், ருகுணு வளாகம் ஆகிய இரண்டும் இவ்விருவரும் இணைந்திருந்த காலத்தில் உருவானவை ஆகும்.

தட்பவெப்பத்திற்கு ஏற்ற கட்டிடம்

பாவாவின் தொடக்ககாலக் கட்டிடங்கள் அக்கால ஐரோப்பிய நவீன பாணியில் வெண்ணிறச் சுவர்களுடனும் எளிய வடிவங்களுடனும் அமைந்தன. அத்தகைய சுவர்கள் பருவமழையில் விரைவில் கறையும் பாசியும் பிடித்தன. தட்டையான கூரைகள் மழைநீரை வடிக்கத் திணறின. இவ்வனுபவத்தின்பின் பாவா சரிவான பெரிய கூரை, அகன்ற தாழ்வாரம், உள்முற்றம் ஆகிய பழைய கூறுகளை நோக்கித் திரும்பினார்.

நாட்டின் பொருளாதார நிலையும் இத்திருப்பத்திற்குக் காரணமாயிற்று. 1960களிலும் 1970களின் முற்பகுதியிலும் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவின. உருக்கு, கண்ணாடி போன்ற பொருட்கள் எளிதில் கிடைக்கவில்லை. எனவே செங்கல், சுண்ணாம்புச் சாந்து, கருங்கல், மரம், சுட்ட ஓடு ஆகிய உள்நாட்டுப் பொருட்களைக் கொண்டே கட்டவேண்டியிருந்தது. கொழும்பில் 1960–1962 காலப்பகுதியில் கட்டப்பட்ட ஈனா டி சில்வா வீடு இதற்கு எடுத்துக்காட்டு ஆகும். நகரின் நடுவில் சிறிய நிலத்தில் அமைந்த அவ்வீட்டின் அறைகள் வெளியே தெருவை நோக்காமல் உள்முற்றங்களை நோக்கித் திறந்தன.

இம்முறையின் அடிப்படையைப் பின்வருமாறு விளக்கலாம். பாலைநிலப் பகுதிகளில் பகலுக்கும் இரவுக்கும் இடையே வெப்பநிலை மிகவும் மாறுபடும். ஆகவே அங்கு தடித்த சுவர்கள் பகல் வெப்பத்தைத் தடுத்து உதவுகின்றன. ஈரமான கடற்கரையில் இரவிலும் வெப்பம் அதிகம் குறைவதில்லை. அங்கு உடலுக்கு ஆறுதல் தருவது வியர்வையை உலர்த்தும் காற்றோட்டமே. காற்று அறையின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டுமாயின், கட்டிடம் ஓர் அறை அகலமே உடையதாகவும் இரு பக்கங்களிலும் திறப்புகள் உடையதாகவும் இருத்தல் வேண்டும். நிலநடுக்கோட்டிற்கு அருகில் நண்பகல் கதிரவன் ஏறத்தாழ உச்சியில் இருப்பதால், வடக்கும் தெற்கும் நோக்கிய சுவர்களைச் சாதாரண தாழ்வாரமே நிழலில் வைத்துவிடும். கிழக்கு, மேற்குச் சுவர்களில் தாழ்வாக விழும் வெயிலைத் தடுப்பது கடினம். எனவே நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்குவது நன்று.

அடுக்குமாடிக் கட்டிடத்திற்கும் இவ்விதிகளைப் பாவா பயன்படுத்தினார். கொழும்பில் 1976–1978 காலப்பகுதியில் கட்டப்பட்ட அரச ஈட்டு வங்கிக் கட்டிடம், உயரமான அலுவலகத்திலும் இயற்கைக் காற்றோட்டத்தை அமைக்கமுடியும் என்பதைக் காட்டும் முன்னோடி எனக் கட்டிடக்கலை ஆய்வாளர்களால் குறிப்பிடப்படுகிறது.

தமிழ்நாட்டில் பணிகள்

1970களின் முற்பகுதியில் இலங்கையில் தனியார் கட்டுமானப் பணிகள் குறைந்தபோது பாவா வெளிநாட்டுப் பணிகளை ஏற்றார். அவற்றுள் ஒன்று, மதுரையில் மதுரா மில்சு நூற்பாலை நிறுவனத்தின் அதிகாரிகளுக்காகக் கட்டப்பட்ட மதுரை கிளப் ஆகும். உள்ளூர்க் கல்லையும் உள்ளூர்க் கைவினைஞர்களின் திறனையும் பயன்படுத்திக் கட்டப்பட்ட இக்கட்டிடம் பின்னர் ஒரு தங்கும் விடுதியின் பகுதியாக ஆகியது. சென்னையில் கன்னிமாரா விடுதியைப் புதுப்பிக்கும் பணியையும் இவர் செய்தார்.

மதுரா மில்சு நிறுவனம் தூத்துக்குடியுடன் நெருங்கிய தொடர்புடையது. ஆர்வி குழுமத்தினர் தூத்துக்குடியில் 1888 இல் தொடங்கிய கோரல் மில் என்னும் நூற்பாலை பின்னாளில் இந்நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. 1908 இல் வ. உ. சிதம்பரம்பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் துணைநின்ற தொழிலாளர் வேலைநிறுத்தம் நடைபெற்றது இந்த ஆலையிலேயே ஆகும்.

பாராளுமன்றக் கட்டிடம்

1979 இல் சனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தனா புதிய பாராளுமன்றக் கட்டிடத்தை வடிவமைக்கும் பணியைப் பாவாவிடம் ஒப்படைத்தார். கோட்டையில் ஒதுக்கப்பட்ட இடம் சதுப்பு நிலமாக இருந்தது. அதனை மண்ணிட்டு முழுவதும் நிரப்பாமல், தூர்வாரி ஏரியாக மாற்றி, அதன் நடுவே தீவொன்றை அமைத்து, அதன்மீது கட்டிடத்தை எழுப்புமாறு பாவா திட்டமிட்டார். செப்புத் தகடு வேய்ந்த பெரிய கூரைகளைக் கொண்ட இக்கட்டிடம் 1982 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. நீர் தேங்கும் இடத்தை நீருக்கே விட்டுக்கொடுக்கும் இவ்வணுகுமுறை ருகுணு வளாகத்திலும் பின்பற்றப்பட்டது.

ருகுணு பல்கலைக்கழக வளாகம்

பின்னணி

இலங்கையின் தென்பகுதி மாணவர்களுக்கு உயர்கல்வி வாய்ப்பை விரிவாக்கும் நோக்குடன் 1978 இல் ருகுணு பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. இது 1984 இல் முழுமையான பல்கலைக்கழகமாகத் தரம் உயர்ந்தது. இதற்கான நிலையான வளாகத்தை மாத்தறைக்குக் கிழக்கே வெல்லமடம என்னும் இடத்தில் அமைக்கும் பணி 1980 இல் பாவாவிடம் வழங்கப்பட்டது. கட்டுமானம் பல கட்டங்களாக நடைபெற்று 1988 அளவில் நிறைவுற்றது.

அரசு நிதியில் கட்டப்படும் பல்கலைக்கழகம் என்பதால் செலவு, பராமரிப்பு ஆகிய இரண்டும் குறைவாக இருத்தல் வேண்டும். ஆய்வுகூடங்கள், விரிவுரை மண்டபங்கள், நூலகம், அலுவலகங்கள் எனப் பலவகைக் கட்டிடங்கள் தேவைப்பட்டன. முழுவதையும் குளிரூட்டினால் மின்கட்டணம் ஆண்டுதோறும் கல்விக்குரிய நிதியை உண்டுவிடும். குளிரூட்டாமல் பெட்டி போன்ற கட்டிடங்களைக் கட்டினால் மாணவர் புழுக்கத்தில் படிக்க நேரிடும். பாவா தீர்வு காணவேண்டியிருந்த சிக்கல் இதுவே ஆகும்.

நில அமைப்பு

வளாகத்திற்கு ஒதுக்கப்பட்ட இடம் செங்குத்தான குன்றுகளையும் அவற்றுக்கிடையே பள்ளத்தாக்கையும் கொண்டிருந்தது. தெற்கே இந்தியப் பெருங்கடல் உள்ளது. மாத்தறையிலிருந்து தங்காலை செல்லும் முதன்மைச் சாலை இவ்விடத்தின் ஊடாகச் செல்கின்றது.

பாவா குன்றுகளைச் சமப்படுத்தவில்லை. துணைவேந்தர் இல்லத்தையும் விருந்தினர் விடுதியையும் ஒரு குன்றில் அமைத்தார். அறிவியல், கலைப் புலங்களின் கட்டிடங்களை ஏனைய குன்றுகளைச் சுற்றி, சரிவுக்கு ஏற்ப இறங்கியும் ஏறியும் செல்லுமாறு அமைத்தார். இடையிலுள்ள பள்ளத்தாக்கில் நீரைத் தேக்கி ஏரியாக்கினார். இந்த ஏரி குன்றுகளிலிருந்து வடியும் மழைநீரை ஏற்பதோடு, சாலையின் இரைச்சலை வளாகத்திலிருந்து விலக்கி வைக்கவும் உதவுகின்றது.

கட்டிடங்களின் ஒழுங்கமைப்பு

ஒரு புலத்திற்கு ஒரு பெரிய கட்டிடம் என்னும் வழக்கத்தைக் கைவிட்டு, ஐம்பதுக்கும் மேற்பட்ட தனித்தனி மண்டபங்களாக வளாகம் பிரிக்கப்பட்டது. இவை பெரும்பாலும் செங்கோண வலை அமைப்பொன்றில் வைக்கப்பட்டு, கூரையிட்ட நடைபாதைகளால் இணைக்கப்பட்டன. வலை அமைப்பு ஒழுங்கானது, நிலமோ ஏற்றத்தாழ்வானது. இவ்விரண்டும் சந்திக்கும் இடங்களில் படிக்கட்டுகளும் முற்றங்களும் திண்ணைகளும் தோன்றுகின்றன. மழையில் நனையாமல் வகுப்புக்கு வகுப்பு செல்ல நடைபாதைகள் உதவுகின்றன. வகுப்பு முடிந்தபின் மாணவர் அமர்ந்து உரையாடும் இடங்களாகவும் இவை பயன்படுகின்றன.

மண்டபங்கள் தனித்தனியாக இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் காற்றும் ஒளியும் இரு பக்கங்களிலிருந்து கிடைக்கின்றன. அறிவியல் கட்டிடங்களுக்கு இதனால் மேலும் ஒரு நன்மை உண்டு. வேதிப்பொருட்களின் நெடியோ விபத்தோ ஓரிடத்தில் ஏற்பட்டால், அது ஏனைய பகுதிகளுக்குப் பரவும் வாய்ப்பு குறைகின்றது. புதிய துறைகள் தொடங்கப்படும்போது இருப்பவற்றை இடிக்காமல் வலை அமைப்பை நீட்டிப் புதிய மண்டபங்களைச் சேர்க்கவும் இயலும்.

கட்டுமானப் பொருட்கள்

கட்டிடங்கள் மிகச்சில வடிவங்களையும் பொருட்களையும் மட்டுமே கொண்டு அமைக்கப்பட்டன. கற்காரைச் சட்டகம், இடையே செங்கற் சுவர், அதன்மீது சாந்துப் பூச்சு, மேலே சரிந்த ஓட்டுக்கூரை என்பன அவற்றின் பொதுவான அமைப்பு. போர்த்துக்கேயர் வருகைக்குப் பிந்தைய சிங்களக் கட்டிட மரபின் கூறுகள் இவற்றில் காணப்படுகின்றன. ஒரே வகையான தூணும் கூரையும் திரும்பத் திரும்ப வருவதால் செலவு குறைந்தது. உள்ளூர்க் கொத்தர்களாலும் தச்சர்களாலும் பழுதுபார்க்கவும் முடிந்தது.

பாவாவும் பிளெசுனரும் 1960களிலேயே உருவாக்கிய கூரை முறை ஒன்று இவரது கட்டிடங்கள் பலவற்றில் காணப்படுகின்றது. முதலில் நெளி சிமெண்டுத் தகடுகளைப் பரப்பி, அவற்றின் நெளிவுகளின்மேல் அரைவட்ட நாட்டு ஓடுகளைப் பதிப்பர். தகடு மழைநீரைத் தடுக்கும். ஓடு வெயிலைத் தாங்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள காற்று வெப்பம் உள்ளே இறங்குவதைக் குறைக்கும். ஓடு நழுவினாலோ உடைந்தாலோ கூரை உடனடியாக ஒழுகாது.

குறைகளும் திறனாய்வும்

இத்தகைய வளாகத்திற்குச் சில குறைகளும் உண்டு. கட்டிடங்கள் பரந்து கிடப்பதால் நடக்கவேண்டிய தொலைவு அதிகம். ஏறி இறங்கும் படிகள் மாற்றுத்திறனாளிகளுக்கும் கனமான ஆய்வுக் கருவிகளைக் கொண்டுசெல்வோருக்கும் இடையூறானவை. கூரையும் நடைபாதையும் மிகுதியாக இருப்பதால் பராமரிக்கவேண்டிய பரப்பும் மிகுதி. கடற்காற்றில் உள்ள உப்பு கற்காரையினுள் இருக்கும் இரும்புக் கம்பிகளைத் துருப்பிடிக்கச் செய்வது இக்கடற்கரை முழுவதற்கும் பொதுவான சிக்கல் ஆகும்.

மேலும், அக்காலத்தில் மலிவானதும் பாதுகாப்பானதுமாகக் கருதப்பட்ட நெளி சிமெண்டுத் தகடுகளில் கல்நார் கலந்திருந்தது. கல்நார் இழைகள் நுரையீரல் புற்றுநோய் உள்ளிட்ட நோய்களை உண்டாக்கும் என்பது இன்று உறுதியாகியுள்ளது. உடையாத தகடுகளைவிட வெட்டும்போதும் அகற்றும்போதும் வெளியேறும் தூசியே ஆபத்து மிக்கது. ஆகவே பாவாவின் கூரை முறையைப் பின்பற்ற விரும்புவோர் கல்நார் இல்லாத தகடுகளையே பயன்படுத்தவேண்டும்.

நுண்கருவிகள், நுண்ணுயிர் வளர்ப்பு போன்றவற்றுக்கு நிலையான வெப்பநிலையும் தூசியற்ற காற்றும் தேவை. இவற்றைத் திறந்த அறைகளில் வைக்க இயலாது. ஓர் அறிவியல் கட்டிடம் முழுவதும் இத்தேவை உடையது அன்று. வகுப்பறை, நூலகம், ஆசிரியர் அறை, பொது ஆய்வுகூடம், நடைபாதை ஆகியன திறந்த காற்றில் இயங்கக்கூடியவை. குளிரூட்டல் தேவைப்படும் சில அறைகளை மட்டும் ஒன்றாகச் சேர்த்து மூடி அமைத்தால் மின்சாரச் செலவு பெரிதும் குறையும். தனித்தனி மண்டபங்களைக் கொண்ட அமைப்பு இவ்வாறு பிரிப்பதற்கு வசதியானது.

வளாகம் நிறைவுபெற்ற ஆண்டுகளில், அதாவது 1987–1989 காலப்பகுதியில், தென்னிலங்கை மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சியாலும் அதனை அரசு ஒடுக்கியதாலும் பெரும் துன்பத்திற்கு உள்ளானது. நாட்டின் பல்கலைக்கழகங்கள் நீண்டகாலம் மூடப்பட்டிருந்தன. மாணவர்களுக்காகக் கட்டப்பட்ட முற்றங்கள் அவர்களால் நிறைவதற்குச் சில ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

தூத்துக்குடிக் கடற்கரைக்கான பொருத்தம்

வெல்லமடம வளாகத்தில் இன்று அறிவியல் புலத்துடன் மீன்வள, கடல் அறிவியல் புலமும் இயங்குகின்றது. மன்னார் வளைகுடாவின் இந்தியக் கரையில் உள்ள தூத்துக்குடியும் இதே துறையில் நெடிய வரலாறு உடையது. சங்ககாலம் முதல் முத்துக்குளித்தலுக்குப் பெயர்பெற்ற இக்கடற்கரையில் 1955 முதல் 1961 வரை நடைபெற்ற முத்துக்குளிப்புகளே கடைசிப் பெரும் முத்துக்குளிப்புகள் ஆகும். 1973 இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி நிலையத்தினர் இந்தியாவில் முதன்முறையாக முத்துச்சிப்பியிலிருந்து வளர்ப்பு முத்தைப் பெற்றனர். 1977 இல் தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி தொடங்கப்பட்டது. எனவே கடலோர அறிவியல் கட்டிடம் எவ்வாறு அமையவேண்டும் என்பது இரு கரைகளுக்கும் பொதுவான கேள்வி ஆகும்.

ஆயினும் ருகுணு வளாகத்தின் வடிவத்தை அப்படியே தூத்துக்குடியில் அமைக்க இயலாது. மாத்தறையில் ஆண்டின் பெரும்பகுதியில் மழை பெய்கின்றது. மழை மறைவுப் பகுதியான தூத்துக்குடிக்கு அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையே முதன்மையானது. மாத்தறையில் குன்றுகள் உள்ளன. தூத்துக்குடி தட்டையான மணல் நிலம்.

காற்றும் வேறுபடுகின்றது. தூத்துக்குடியில் சூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வறண்ட பலத்த காற்று வீசுகின்றது. கடற்காற்று கிழக்கிலிருந்து வருகின்றது. ஆகவே வெயிலைத் தவிர்க்க உகந்த திசையும் காற்றைப் பெற உகந்த திசையும் அங்கு ஒன்றாக இல்லை. நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்கினால் வெயில் குறையும். ஆனால் காற்று பக்கவாட்டில் நழுவிச் செல்லும். கட்டிடத்தைச் சற்றுச் சாய்வாக வைத்தல், மண்டபங்களை ஒன்றுக்கொன்று முன்பின்னாக அமைத்தல், சன்னல்களின் அருகே காற்றைத் திருப்பும் சிறு சுவர்களை எழுப்புதல் ஆகியவற்றால் இம்முரணைத் தீர்க்கலாம். மேல்காற்றுடன் வரும் புழுதியைத் தடுக்க மரவரிசைகளும் தேவைப்படும்.

நீர் குறித்த பாவாவின் அணுகுமுறை அங்கு மிகவும் பொருந்துகின்றது. 2023 திசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெருமழை பெய்தது. காயல்பட்டினத்தில் 24 மணிநேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவானது. ஆண்டின் பெரும்பகுதி நீருக்கு ஏங்கும் மாவட்டம் ஓரிரு நாட்களில் வெள்ளத்தில் மூழ்கியது. வளாகத்தின் தாழ்வான பகுதியைக் கட்டிடத்திற்காக மேடாக்காமல் குளத்திற்கென ஒதுக்கினால், மழைக்காலத்தில் வெள்ளத்தைத் தாங்கவும் கோடைக்கு நீரைச் சேமிக்கவும் முடியும். ஊர்தோறும் குளமும் ஊருணியும் வெட்டிய தென்பாண்டி நாட்டின் பழைய வழக்கமும் இதுவே ஆகும்.

பிற்காலம்

1989 இல் பாவா தமது நிறுவனத்திலிருந்து விலகி, கொழும்பு இல்லத்திலிருந்து இளைய கட்டிடக்கலைஞர்கள் சிலருடன் பணியைத் தொடர்ந்தார். தம்புள்ளைக்கு அருகில் கண்டலம விடுதியை வடிவமைத்தது இக்காலத்திலேயே ஆகும். முதலில் சிகிரியாவுக்கு அருகில் கட்டத் திட்டமிடப்பட்ட இவ்விடுதியைக் கண்டலமக் குளத்தின் கரைக்கு மாற்றுமாறு பாவா ஆலோசனை கூறினார். அங்கும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. மலைச்சரிவை ஒட்டித் தூண்கள்மேல் உயர்த்தப்பட்டு, செடிகொடிகளால் மூடப்படுமாறு அமைந்த இக்கட்டிடம் 1994 இல் திறக்கப்பட்டது. பின்னர் இது பசுமைக் கட்டிடங்களுக்கான லீட் சான்றிதழைப் பெற்றது.

1998 இல் பாவா பக்கவாதத்தால் தாக்கப்பட்டு, பேசவும் எழுதவும் இயலாத நிலையை அடைந்தார். சன்ன தசுவத்த உள்ளிட்ட உடன்பணியாளர்கள் தொடங்கிய பணிகளை முடித்தனர். 2003 மே 27 அன்று பாவா காலமானார். அவரது உடல் லுனுகங்காவில், அவர் உச்சியைத் தாழ்த்திய குன்றிலேயே எரியூட்டப்பட்டது. தற்போது லுனுகங்காவையும் கொழும்பு இல்லத்தையும் அவரது பெயரிலான அறக்கட்டளைகள் பராமரித்து வருகின்றன.

விருதுகள்

- 1985: வித்தியா சோதி (இலங்கை அரசு)
- 1993: தேசமான்ய (இலங்கை அரசு)
- 2001: ஆகா கான் கட்டிடக்கலை விருதுக் குழுவின் தலைவர் விருது

முக்கியமான கட்டிடங்கள்

- ஈனா டி சில்வா வீடு, கொழும்பு (1960–1962)
- பெந்தோட்டை கடற்கரை விடுதி (1967–1969)
- மதுரை கிளப், மதுரை (1970களின் முற்பகுதி)
- அரச ஈட்டு வங்கி, கொழும்பு (1976–1978)
- இலங்கைப் பாராளுமன்றம், கோட்டை (1979–1982)
- ருகுணு பல்கலைக்கழகம், மாத்தறை (1980–1988)
- கண்டலம விடுதி, தம்புள்ளை (1991–1994)
- லைட்அவுசு விடுதி, காலி (1995–1997)

மதிப்பீடு

பாவா தமது கொள்கைகளை விளக்கி மிகக் குறைவாகவே எழுதினார். அவரது கட்டிடங்களே அவரது கருத்துகளை அறிய உதவும் சான்றுகளாக உள்ளன. ருகுணு வளாகத்தில் படித்து வெளியேறும் மாணவர் பலர் அதனை வடிவமைத்தவரின் பெயரை அறியாமல் இருக்கக்கூடும். ஆயினும் நண்பகல் வெயிலில் நிழலான நடைபாதை வழியே ஆய்வுகூடத்திற்குச் செல்லும்போதும், மழை நாளில் நனையாமல் நூலகத்தை அடையும்போதும் அவரது பணியின் பயனை அவர்கள் பெறுகின்றனர்.